கணவன் கட்டாரில், மனைவி முள்ளியவளையில்: வரிக் கணக்கு யாருடையது?

2025 ஏப்ரல் 1 முதல் வங்கி வைப்புகளுக்குக் கிடைக்கும் வட்டியில் அரசு பிடித்துக்கொள்ளும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. அதே நாளில் வருமான வரி விலக்கு வரம்பும் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. முதலாவது மாற்றம் நாம் கேட்காமலே எமது கணக்கைத் தேடி வந்துவிட்டது. இரண்டாவதன் பயனை நாம்தான் வங்கிக்குப் போய்க் கேட்டுப் பெறவேண்டும். அதைக் கேட்கவேண்டியவர் யார்? கணவனா, மனைவியா?

இக்கேள்வி வன்னியிலுள்ள எமது குடும்பங்களுக்குச் சாதாரணமானதல்ல. முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சி மாவட்டத்தின் நாச்சிக்குடா, வவுனியாவின் சாளம்பைக்குளம், பட்டாணிச்சூர், சூடுவெந்தபுலவு என எந்த ஊரை எடுத்தாலும் கணவனும் மனைவியும் ஆண்டில் பாதி நாளாவது ஒரே கூரையின் கீழ் வாழாத வீடுகள் உண்டு. சில வீடுகளில் கணவன் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். சில வீடுகளில் மனைவி பணிப்பெண்ணாகப் போயிருப்பார். இன்னும் சில வீடுகளில் இருவரும் நாட்டிலேயே இருந்தும், கணவன் முள்ளியவளையில் கடை நடத்த, மனைவி பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில் தங்கியிருப்பார். வரி அலுவலகத்தின் கண்ணில் இம்மூன்றும் மூன்று வகை. நாமோ மூன்றையும் "எங்கட வீட்டுக் காசு" என்று ஒன்றாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின்படி வருமான வரி தனித்தனி நபருக்கே விதிக்கப்படுகிறது. கணவனின் வருமானம் கணவனுக்கு, மனைவியின் வருமானம் மனைவிக்கு. இருவருக்கும் 18 இலட்சம் ரூபா விலக்கு தனித்தனியே உண்டு. ஒருவரின் மீதமான விலக்கை மற்றவருக்குக் கொடுக்கவும் முடியாது.

எல்லா நாடுகளிலும் இப்படியில்லை. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே விவரத்திரட்டுச் சமர்ப்பிக்கலாம். ஒருவர் அந்நாட்டில் வதிபவராகவும் மற்றவர் வெளிநாட்டவராகவும் இருந்தால் அங்கே பெரும் சிக்கல் எழும். வெளிநாட்டிலுள்ள துணையையும் வதிபவராகக் கருதும்படி கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கேட்டால் அவரது உலக வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக்குள் வந்துவிடும். பெரும்பாலான மாநிலங்கள் தமக்கென்று தனி வருமான வரியும் அறவிடுவதால், வேறு வேறு மாநிலங்களில் வாழும் தம்பதியருக்கு அது இன்னொரு தலைவலி. பிரித்தானியாவில் 1990 ஏப்ரல் வரை மனைவியின் வருமானத்தைக் கணவனின் வருமானமாகவே கணக்கிட்டார்கள். இலங்கையில் மாகாணங்கள் வருமான வரி அறவிடுவதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே இறைவரித் திணைக்களம், ஒரே சட்டம். அந்த அளவில் எமக்கு இலகு.

தனித்தனிக் கணக்கு என்பது முஸ்லிம்களுக்குப் புதிய சிந்தனையும் அல்ல. நிக்காஹ் நடந்ததால் இருவரின் சொத்தும் ஒன்றாகிவிடுவதில்லை. மஹர் மனைவியின் சொத்து. அவருடைய நகைக்கு ஸகாத் கடமையானால் அது அவர் மீதான கடமை. அயலிலுள்ள தமிழ்ச் சகோதரிகளுள் தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் தமது சொந்தக் காணியை விற்கவும் கணவனின் சம்மதம் பெறவேண்டியுள்ளது. முஸ்லிம் பெண்ணுக்கு அத்தடை இல்லை. மார்க்கமும் தனித்தனி என்கிறது, நாட்டின் வரிச் சட்டமும் தனித்தனி என்கிறது. எமது பழக்கம் மட்டும் எல்லாவற்றையும் ஆணின் பெயரில் எழுதி வைக்கிறது.

வதிவை நாட்கள் தீர்மானிக்கும்

ஒருவர் வரிக்காக இலங்கையில் "வதிவுள்ளவரா", "வதிவற்றவரா" என்பதை அவரது கடவுச்சீட்டின் நிறமோ, வாக்காளர் இடாப்போ தீர்மானிப்பதில்லை. அவர் இங்கே வாழ்கிறாரா என்று பார்ப்பார்கள். குறித்த மதிப்பீட்டாண்டில் தொடங்கும் அல்லது முடியும் ஏதேனும் 12 மாத காலத்தில் மொத்தமாக 183 நாட்களோ அதற்கு மேலோ நாட்டில் இருந்தாரா என்றும் பார்ப்பார்கள். மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும்.

வதிவுள்ளவருக்கு உலகின் எங்கிருந்து வரும் வருமானமும் கணக்கில் சேரும். வதிவற்றவருக்கு இலங்கையிலிருந்து எழும் வருமானம் மட்டுமே சேரும். ஆகவே ஆண்டில் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் கட்டார் தொழிலாளியின் சம்பளத்துக்கு இங்கே வரியில்லை. கட்டாரிலும் சம்பளத்துக்கு வருமான வரியில்லை. அவர் மனைவிக்கு அனுப்பும் வீட்டுச் செலவுப் பணமும் மனைவியின் வருமானம் ஆகாது. 2024இல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இலங்கைக்கு அனுப்பிய தொகை சுமார் 6.6 பில்லியன் டொலர். அந்தப் பணத்துக்கே வரி வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல்களைக் கண்டு எவரும் உண்டியலின் பக்கம் ஓடத் தேவையில்லை.

கவனம் தேவைப்படுவது ஊர் திரும்பும் ஆண்டில். ஒருவர் 2026 ஜனவரி 1இல் நிரந்தரமாக வந்துவிட்டார் என்று வைப்போம். மார்ச் 31இல் முடியும் 2025/26 மதிப்பீட்டாண்டில் அவர் இங்கிருந்தது 90 நாட்கள்தான். ஆனால் ஜனவரியில் தொடங்கும் 12 மாத காலத்தை எடுத்தால் ஜூலை 2ஆம் திகதியே 183 நாட்கள் நிறைவாகிவிடும். அந்தக் காலம் 2025/26இற்குள் தொடங்கியது என்பதால், அவர் அந்த ஆண்டுக்கே வதிவுள்ளவராகக் கருதப்படக்கூடும். ஆகவே திரும்பி வருபவர்கள் பழைய கடவுச்சீட்டையும் சம்பளச் சீட்டுகளையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் வரி அறிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இதன் மறுபக்கமும் இப்போது எமது ஊர்களில் உருவாகிவருகிறது. வவுனியாவில் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் மனைவி, சவூதியில் கணவன். இருவருக்கும் வெளிநாட்டுப் பணந்தான் வருகிறது. கணவனின் சம்பளம் இலங்கை வரிக்கு வெளியே இருக்கிறது. மனைவியின் வருமானமோ வரிக்குள் வருகிறது, ஏனெனில் அவர் வதிவுள்ளவர். அவரது மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டினால் வரி உண்டு. வெளிநாட்டுக்கு வழங்கும் சேவைக்காக வங்கி மூலம் வரும் அந்நியச் செலாவணி வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் உச்ச வீதம் 15.

ஒரே பணம், இரண்டு விளைவு

இனி வைப்புப் பணத்துக்கு வருவோம். வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது. அதற்குள் இக்கட்டுரை போகவில்லை. இஸ்லாமிய வங்கி முறையில் வைப்பிட்டு இலாபப் பங்கு பெறுபவர்களுக்கும் இந்தப் பிடித்துவைத்தல் வரி பொருந்துகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கவேண்டும். பெயர் வேறானாலும் பிடிப்பு ஒன்றுதான்.

ஓர் உதாரணத்துக்கு 15 இலட்சம் ரூபா வைப்பை எடுப்போம். ஆண்டுக்கு 8 வீதம் கிடைத்தால் வருமானம் 120,000 ரூபா. வங்கி அதில் 12,000 ரூபாவைப் பிடித்து அரசுக்கு அனுப்பும்.

இந்த வைப்பு ஊரிலுள்ள மனைவியின் பெயரில் இருக்கிறது, அவர் தையலில் மாதம் 40,000 ரூபா உழைக்கிறார் என்றால் அவரது ஆண்டு வருமானம் மொத்தம் 600,000 ரூபா. விலக்கு வரம்பின் மூன்றிலொரு பங்கு. அவர் அரசுக்குக் கட்டவேண்டிய வருமான வரி பூச்சியம். வதிவுள்ள ஒருவரின் மொத்த வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் வங்கிக்கு ஒரு சுயபிரகடனம் கொடுத்து இந்தப் பிடிப்பை நிறுத்தலாம். கொடுக்காவிட்டால் 12,000 ரூபா போய்விடும். பின்னர் விவரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளக் கோரும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் 12,000 ரூபாவுக்காக அந்தப் பாதையில் நடக்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

அதே வைப்பு கட்டாரிலுள்ள கணவனின் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. சுயபிரகடன ஏற்பாடு வதிவுள்ளவரை மனதிற்கொண்டு செய்யப்பட்டது. வதிவற்றவருக்குச் செலுத்தப்படும் வட்டியில் பிடிக்கப்படும் வரி பொதுவாக இறுதி வரியாகவே கொள்ளப்படுகிறது. அதாவது பிடித்தது பிடித்ததுதான். ஒரே வீடு, ஒரே உழைப்பு, ஒரே வங்கி. பெயர் மாறியதும் விளைவும் மாறிவிடுகிறது.

இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு வைத்திருப்போரும் இதைக் கவனிக்கவேண்டும். மனைவி கொடுக்கும் பிரகடனம் மனைவியின் வருமானத்தைப் பற்றியதே. கணவனின் நிலையை அது மாற்றாது.

அப்படியானால் எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் போதுமா? இங்கேதான் நிதானம் தேவை. வரிக்காக மட்டும் பெயரை மாற்றி, "காசு என்னுடையது, கணக்கு மட்டும் உன்னுடையது" என்று மனதுக்குள் வைத்துக்கொள்வது மார்க்கத்திலும் நேர்மையல்ல, பின்னாளில் வழக்கும் ஆகும். கணவன் மரணித்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு அவரது சொத்தில் எட்டிலொரு பங்கு. மனைவி மரணித்தால் பிள்ளைகள் உள்ள கணவனுக்கு நான்கிலொரு பங்கு. எவர் பெயரில், எவருக்குச் சொந்தமாகப் பணம் இருந்தது என்பதைப் பொறுத்தே வாரிசுகளின் கணக்கும் மாறும். கொடுப்பதென்றால் ஹிபாவாகத் தெளிவாகக் கொடுங்கள், அவர் கையில் ஒப்படையுங்கள், ஓர் எழுத்தும் வையுங்கள். கொடுக்க விருப்பமில்லை என்றால் உங்கள் பெயரில் வைத்து வரியைக் கட்டுங்கள். இரண்டும் நேர்மையான வழிகள்.

மனைவி வெளிநாட்டில் என்றால்

இதுவரை சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சவூதியிலோ குவைத்திலோ பணிப்பெண்ணாக இருப்பவர் மனைவி. ஊரில் வதிவுள்ளவர் கணவன். மாதாமாதம் வரும் பணம் கணவனின் கணக்குக்கு வருகிறது. வரி நோக்கில் இது சிக்கனமான ஏற்பாடு: கணவன் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிப்பில்லை. ஆனால் நான்கு வருடம் கழித்து அவர் திரும்பும்போது அவர் பெயரில் என்ன இருக்கும்? காணி கணவன் பெயரில், கணக்கு கணவன் பெயரில், முச்சக்கரவண்டியும் கணவன் பெயரில். தலாக் என்றோ மௌத் என்றோ ஒன்று நேர்ந்தால், தன் வியர்வைப் பணம் தன்னுடையது என்று நிரூபிக்க அந்தப் பெண்ணிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

அவர் தன் பாதுகாப்புக்காகச் சொந்தப் பெயரில் வைப்பு வைத்தாலோ, வதிவற்றவர் என்பதால் 10 வீதம் போகிறது. ஆக, வரியில் தப்ப விரும்பினால் உரிமையை இழக்கவேண்டும், உரிமையைக் காக்க விரும்பினால் வரி கட்டவேண்டும். நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் ஏழைப் பெண்ணை அரசு இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறது. கொழும்பில் மாதம் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா வருமானம் பெறும் ஒருவர் பிரகடனம் கொடுத்துத் தப்பலாம். இந்நாட்டு வருமானமாக வைப்பு வட்டி மட்டுமே உள்ள பணிப்பெண் தப்பமுடியாது. இதை நீதி என்று சொல்ல முடியாது.

வதிவற்றவரின் வருமானத்தைச் சரிபார்க்க முடியாது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த ஏற்பாட்டின் கீழ் வரி வருமானம் கூடவேண்டும் என்று அரசு தரப்பு சொல்லக்கூடும். அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணின் ஒப்பந்தமும் சம்பளமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவில் இருக்கின்றன. அந்தப் பதிவின் அடிப்படையில், குறித்த ஓர் எல்லை வரையிலான வைப்புக்கு இலங்கைப் பிரஜைகளான தொழிலாளருக்கும் பிரகடன உரிமையைக் கொடுக்கலாம். இது வரிச் சலுகைகளைத் தேடும் பெரும் புள்ளிகளுக்குக் கதவு திறப்பதாகாது. எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் பேசவேண்டிய விடயங்களில் இதுவும் ஒன்று.

புத்தளத்தில் ஒரு வீடு, வன்னியில் ஒரு வீடு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட நாள் முதல் "உங்கள் வதிவிடம் எது?" என்ற கேள்வி வடபுல முஸ்லிம்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. வாக்குப் பதிவுக்கு ஒரு விடை, காணிக்கு ஒரு விடை, பாடசாலை அனுமதிக்கு வேறொரு விடை. இடம்பெயர்ந்தோர் முன்னைய இடத்திலேயே வாக்காளராகப் பதிய 2013இல் விசேட சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தல் நாளில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன எமது மக்களின் பஸ்கள் தந்திரிமலையில் தாக்கப்பட்டதை மறக்க முடியாது.

வருமான வரியில் இந்தக் கேள்வி பெருமளவு இல்லை. புத்தளத்தில் வசித்தாலும் முல்லைத்தீவில் வசித்தாலும் இலங்கையில் வதிவுள்ளவர்தான். ஆனால் ஓரிடத்தில் அது மீண்டும் தலைகாட்டுகிறது: வீட்டை விற்கும்போது. சொத்து விற்பனையால் கிடைக்கும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. வதிவுள்ள ஒருவர் தன் பிரதான வதிவிடத்தை விற்றால் அதற்கு விலக்கு உண்டு. நிபந்தனை என்னவென்றால், விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அது அவருக்குச் சொந்தமாக இருந்திருக்கவேண்டும். அந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அவர் அதில் வாழ்ந்திருக்கவேண்டும்.

இதை எமது குடும்பங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். புத்தளத்து வீடு கணவன் பெயரில். அவர் மீள்குடியேறி முள்ளியவளையில் வாழ்கிறார். புத்தளத்தில் வாழ்பவர் மனைவி. பிள்ளைகளின் படிப்பு முடிந்ததும் அந்த வீட்டை விற்று ஊரில் கட்டலாம் என்பது திட்டம். விற்கும் நாளில் சட்டம் கேட்பது, "உரிமையாளர் அதில் வாழ்ந்தாரா?" என்று. மனைவியும் பிள்ளைகளும் வாழ்ந்தார்கள் என்ற விடை அங்கே போதாமல் போகலாம். கணவன் வெளிநாட்டில் வதிவற்றவராக இருக்கும்போது விற்றாலும் இதே சிக்கல்தான். விற்க எண்ணுபவர்கள் உறுதி எழுதும் முன்னரே நொத்தாரிசிடம் இதைக் கேட்டறியவேண்டும். மீள்குடியேறியவர்களைப் பொறுத்தவரை துணையின் வதிவையும் உரிமையாளரின் வதிவாகக் கணக்கில் எடுக்கும்படி அரசைக் கேட்பதும் நியாயமான கோரிக்கையே. அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்து வாழ்வது அவர்களின் தெரிவால் மட்டும் நேர்ந்ததல்ல.

பதிவும் பெயரும்

2024இலிருந்து 18 வயது நிறைந்த அனைவரும் இறைவரித் திணைக்களத்தில் பதிந்து அடையாள இலக்கம் பெறவேண்டும் என்று அரசு அறிவித்தது. வரிப் பயத்தால் எமது பெண்கள் பலர் இதிலிருந்து ஒதுங்கி நிற்கிறார்கள். பதிவு என்பது வரி கட்டுவது அல்ல. இலக்கம் இல்லாத பெண்ணால் சுயபிரகடனம் கொடுக்க முடியாது. அதனால் கட்டத் தேவையில்லாத வரியைத்தான் அவர் கட்டுகிறார்.

பதியும்போது முகவரியைக் கவனியுங்கள். அடையாள அட்டையில் புத்தளம், வாழ்வது வன்னி என்றால் கடிதம் புத்தளத்துக்குப் போகும். இப்போது வாழும் முகவரியையும் உங்கள் கையிலுள்ள தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். வெளிநாட்டிலுள்ள கணவனின் இலக்கத்தைக் கொடுத்தால் திணைக்களம் அனுப்பும் தகவல் அவருக்குத்தான் போகும். வரி கட்டவேண்டியவர்கள் 2025/26 ஆண்டுக்கான இறுதிக் கட்டணத்தை 2026 செப்டம்பர் 30க்குள் செலுத்தி, விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்கவேண்டும். சுயபிரகடனத்தையும் ஒவ்வொரு மதிப்பீட்டாண்டுக்கும் புதிதாகக் கொடுக்கவேண்டும்.

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழான திருமணப் பதிவில் மணமகளின் கையொப்பம் கட்டாயமாக இல்லாத நிலை நெடுங்காலமாக விமர்சிக்கப்பட்டு வருகிறது. வரிப் பதிவேட்டில் அவளது பெயரும் கையொப்பமும் இல்லாமல் எதுவும் நடக்காது. அந்தக் கையொப்பத்தை அவளே வாசித்து விளங்கி இடவேண்டும் என்றால் படிவம் நல்ல தமிழில் வேண்டும், விளங்கப்படுத்த ஆளும் வேண்டும். கரைத்துறைப்பற்று, பூநகரி, வெங்கலச்செட்டிகுளம், வவுனியா பிரதேச செயலகங்களில் இறைவரித் திணைக்களம் நடமாடும் சேவை நடத்தவேண்டும் என்று பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெண்கள் அமைப்புகளும் எழுத்தில் கேட்கவேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இரண்டு சகோதரிகள் முன்வந்து இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலே, வருகிற ஆண்டில் பல வீடுகளில் சில ஆயிரம் ரூபாய்கள் மிஞ்சும், இன்ஷா அல்லாஹ்.